முன்னாள் படைவீரர்களின் சமூகப் பூந்தோட்டம்: வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

நகரத்தில் பயன்பாடின்றிக் கிடக்கும் மனையையோ பொது இடத்தையோ சீரமைத்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து பூப்பயிர் செய்யும் இடம் சமூகப் பூந்தோட்டம் எனப்படும். அதன் பொறுப்பை இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏற்று நடத்தினால் அது முன்னாள் படைவீரர்களின் சமூகப் பூந்தோட்டம் ஆகும். தரிசு நிலம், ஓய்வு பெற்ற படைவீரர், பூ வணிகம் ஆகிய மூன்றும் அருகருகே இருக்கும் இடங்களில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழிற்பகுதி முக்கியமானது. 2019-இல் பிரிக்கப்படும் வரை இம்மூன்றும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தன. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது.

இப்பகுதியின் நிலத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தோல் பதனிடும் தொழிலின் உப்பும் குரோமியமும் பல இடங்களில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்திருக்கின்றன. எனவே "காலி இடம் இருக்கிறது, பூச்செடி வைக்கலாம்" என்று இங்கே உடனே முடிவெடுக்க முடியாது. எந்த இடத்தில் வைக்கலாம், எந்த இடத்தில் கூடாது, யாருக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

படைவீரர் மரபு

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, 1914 முதல் 1919 வரையிலான முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததாகவும் கூறுகிறது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. கணியம்பாடி அருகிலுள்ள கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்திருப்பதால் அவ்வூரை "இராணுவப்பேட்டை" என்றே அழைக்கின்றனர்.

படைவீரர் ஓய்வு பெறும் வயது பிற அரசுப் பணிகளிலிருந்து மாறுபட்டது. சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் இருப்பவர்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே வீடு திரும்பிவிடுகின்றனர். ஓய்வூதியம் வருகிறது, உடலில் வலுவும் இருக்கிறது. ஆனால் ஊரில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் காவலாளி வேலைதான். 1986-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, பொதுத்துறை நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் இத்தகைய வேலைகளைப் பெற்றுத் தருகிறது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்வோரின் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர்கள் இருபதுகளிலேயே ஊர் திரும்புவர், அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. ஆகவே "படையிலிருந்து வந்த பின் என்ன செய்வது?" என்பது வருங்காலத்தில் மேலும் பெரிய கேள்வியாகும்.

பணமல்லாத இழப்பும் உண்டு. காலை அணிவகுப்பு, பொறுப்புப் பட்டியல், கூட்டாளிகள் என்று இருபது ஆண்டுகள் பழகிய ஒருவருக்கு, ஊரில் மாதம் ஒருமுறை கேன்டீன் வரிசையில் மட்டுமே பழைய தோழர்களைப் பார்க்க முடிகிறது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகள் தோட்ட வேலையை மறுவாழ்வுப் பயிற்சியாகப் பரவலாகப் பயன்படுத்தின. தோட்டக்கலைச் சிகிச்சை தனித்துறையாக வளர அது ஒரு காரணம். தோட்டம் மருந்துக்கு மாற்று அன்று. ஆயினும் நாள்தோறும் போக ஓர் இடமும், செய்ய ஒரு வேலையும், பேச ஆளும் அங்கே கிடைக்கும்.

இந்தியாவில் உள்ள முன்மாதிரி: சூழலியல் பட்டாலியன்கள்

முன்னாள் படைவீரர்களைக் கொண்டு பாழ்பட்ட நிலத்தைப் பசுமையாக்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. பிராந்திய இராணுவத்தின் முதல் சூழலியல் பட்டாலியன் 1982 டிசம்பர் 1 அன்று டேராடூனில் அமைக்கப்பட்டது. அது 127-ஆம் பட்டாலியன், கட்வால் ரைஃபிள்ஸைச் சார்ந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிப்போன முசூரி மலைச்சரிவுகளில் மரம் நட்டு வளர்ப்பதே அதன் பணி. அடுத்த பட்டாலியன் இராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதியில் மணல் நகர்வைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டது.

நகர்ப்புறத் தரிசு என்ற வகையில் நமக்கு மிக நெருக்கமானது தில்லியின் பட்டி சுரங்கப் பகுதி. கட்டடங்களுக்கு மணலும் கல்லும் தோண்டியெடுத்துக் குழிகளாக விடப்பட்ட அந்நிலம், 1991-இல் அசோலா காட்டுயிர் சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. 2000-இல் அமைக்கப்பட்ட 132-ஆம் பட்டாலியன் அங்கே மரங்களை வளர்த்து வருகிறது.

இந்த அனுபவத்திலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

1. பட்டாலியனில் பெரும்பாலும் அந்தந்த வட்டார வீரர்களே சேர்க்கப்படுகின்றனர். தம் ஊர் மண் என்ற பற்று வேலையில் தெரிகிறது.

2. நடுவதோடு பணி முடிவதில்லை. சில ஆண்டுகள் நீர் ஊற்றி, ஆடுமாடு மேயாமல் காத்து, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைக்கும் வரை பொறுப்பு உண்டு. வழக்கமான மரம் நடு விழாக்களில் விடுபட்டுப்போவது இதுதான்.

3. அவர்களுக்கு ஊதியம் உண்டு. அரசு செலவை ஏற்பதால்தான் பட்டாலியன் தொடர்கிறது.

மூன்றாவது பாடத்தை மறந்துவிட்டு "படைவீரர்கள் ஒழுக்கமானவர்கள், அவர்களே செய்துவிடுவார்கள்" என்று விட்டுவிட்டால் தோட்டம் ஓராண்டில் மீண்டும் சீமைக் கருவேலங்காடாகிவிடும்.

தோல் தொழிலும் மண்ணும்

பழங்காலத்தில் இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களே பயன்பட்டன. 1970-களில் பதனிடாத, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்து விற்கும் நிலை ஏற்பட்டதும் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவலாயிற்று.

மண்ணைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு.

உப்பு: பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பு இடுவது வழக்கம். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு முழுதும் கழிவுநீரில் இறங்கும். சோடியம் மிகுந்த மண் இறுகிவிடும், நீர் கீழே இறங்காது, வேர் மூச்சுவிட முடியாமல் செடி வாடும்.

குரோமியம்: இதற்கு இரு வடிவங்கள் உண்டு. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது மண்ணில் பெரும்பாலும் கரையாமல் தங்கிவிடும். அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதில் கரையும். அதன் தூசியைச் சுவாசித்தால் புற்றுநோய் ஏற்படக்கூடும். இராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அன்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு விடப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாக அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. "மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்ட தீர்ப்பும் இதுவே. பாலாற்று மாசு தொடர்பாக 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீர் வெளியேற்றம் குறைந்தது. ஆனால் மண்ணில் முன்பே தங்கிவிட்டது தானாக மறைந்துவிடாது.

ஏன் பூ?

மாசு பட்டிருக்கக்கூடிய மண்ணில் கீரையும் கத்தரியும் போட்டால் நஞ்சு உணவில் ஏறும் ஆபத்து உண்டு. பூ உண்ணும் பொருள் அன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து இப்பகுதி மண்ணை ஆராய்ந்தபோது, உணவல்லாத பயிர்களில் கவனம் செலுத்தியதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். செண்டுமல்லி நட்டால் அது மண்ணிலுள்ள குரோமியத்தை உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கிவிடும் என்று பலர் எழுதுகின்றனர். செடிகள் எடுக்கும் குரோமியத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது, தண்டுக்கும் பூவுக்கும் ஏறுவது குறைவு. பூ ஓரளவு பாதுகாப்பானது என்பதற்கும், செடியால் நிலம் விரைவில் தூய்மையாகாது என்பதற்கும் காரணம் ஒன்றே. தூய்மையாக்க வேண்டுமானால் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிடுங்கிய செடியை மக்கவைத்து அதே பாத்தியில் இட்டால் எடுத்தது திரும்ப வந்துவிடும்.

இடம் தேர்வு செய்தல்

முதலில் நிலத்தின் வரலாற்றைக் கேட்க வேண்டும். அத்தெருவின் முதியவர்கள், "அங்கே முன்பு தோல் மண்டி இருந்தது", "இது கழிவு கொட்டின பள்ளம்" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்தது மண் ஆய்வு. அமில காரத் தன்மை, மின்கடத்துத்திறன் ஆகியவற்றை மண் பரிசோதனை நிலையத்தில் பார்க்கலாம். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கிடைக்கும். குரோமியத்துக்கு வழக்கமான மண் ஆய்வு போதாது, தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். முடிவுகளைக் கொண்டு நிலத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

நல்ல மண்: மாசு இல்லை. மல்லிகை, சாமந்தி, சம்பங்கி, செண்டுமல்லி எதுவும் வைக்கலாம்.

உப்பு மண்: மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் மண் எனப்படும். சோடியமும் மிகுந்திருந்தால் ஜிப்சமும் தொழுவுரமும் இட்டு, மழைநீர் தேக்கி, உப்பைக் கீழே இறக்க வேண்டும். அரளி உப்பைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். வேலியோரத்தில் ஆவாரம் வளர்க்கலாம். இத்தொழிலுக்குப் பட்டை தந்த செடி, பொங்கல் காப்புக்கட்டுக்கு மஞ்சள் பூவும் தரும். அரளி நச்சுச்செடி என்பதால் குழந்தைகள் கைபடாத ஓரத்தில் இருக்க வேண்டும்.

குரோமியக் கழிவு கொட்டிய மண்: இங்கே தோட்டம் கூடாது. மண்ணைக் கிளறினாலே தூசி எழும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்து வேலியிடச் செய்வதே சரி. இதைச் சுத்தப்படுத்தும் வேலையைத் தன்னார்வலர்களின் தலையில் கட்டக்கூடாது. படைவீரர் எதையும் தாங்குவார் என்பது அதற்குக் காரணமாகாது.

நிலம் யாருடையது?

நகரங்களில் பெரிய மனைப்பிரிவு போடும்போது 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும் என்பது விதி. வேலூர் மாநகராட்சியிலும் ஆம்பூர் நகராட்சியிலும் சமூகத் தோட்டத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவை இத்தகைய இடங்களே. இவை பெரும்பாலும் குடியிருப்புக்குள் இருப்பதால் மண்ணும் ஓரளவு நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் பூங்கா நிலம் பொதுமக்களுடையது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் பொது இடத்தை ஒரு சாராருக்கு மட்டும் உரியதாக்க முடியாது என்பது அதன் சாரம். முன்னாள் படைவீரர் சங்கம் வேலிபோட்டுப் பூட்டிக்கொண்டால் அதுவும் ஆக்கிரமிப்பே. எனவே உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம், காலவரையறை உள்ள எழுத்து அனுமதி, காலையும் மாலையும் திறந்திருக்கும் வாயில், குழந்தைகள் நடக்கவும் முதியோர் உட்காரவும் தனி இடம் ஆகிய நான்கும் வேண்டும். வரவுசெலவைப் பலகையில் எழுதிவைப்பது வீண்பேச்சைத் தடுக்கும். சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 சென்ட் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 20 சென்ட் என்பது 8,712 சதுர அடி, ஏறக்குறைய 809 சதுர மீட்டர். வழி, அமரும் இடம், தொட்டி ஆகியவை போக 60 விழுக்காட்டில், அதாவது 485 சதுர மீட்டரில், செண்டுமல்லி நடுவதாகக் கொள்வோம்.

செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 45 க்கு 35 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சுமார் 3,000 நாற்றுகள் தேவை. நல்ல நிலத்தில் ஹெக்டேருக்கு 18 டன் பூ கிடைக்கலாம். அந்தக் கணக்கில் இங்கே ஏறக்குறைய 870 கிலோ வரும். புதிதாகத் திருத்திய நிலத்தில் அதில் பாதி வந்தாலே நல்லது.

கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு விளைச்சலுக்கு 26,100 ரூபாய். பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 2,175 ரூபாய். விதைப்பு முதல் கடைசிப் பறிப்பு வரை நான்கு மாதம் ஆகும் என்பதால், மாதத்துக்கு 550 ரூபாய்கூட இல்லை. நாற்று, உரம், நீர்ச் செலவு இதில் கழிக்கப்படவில்லை.

இக்கணக்கு சொல்வது தெளிவானது. 20 சென்ட் பூந்தோட்டம் யாருக்கும் பிழைப்பாகாது. ஓய்வூதியம் உள்ளவருக்கு அது நல்ல பொழுது, தன் செலவைத் தானே ஏற்கும் பொதுப்பணி. ஓய்வூதியமில்லாத இளைஞருக்கோ, படைவீரரின் கைம்பெண்ணுக்கோ அதையே வேலையாகக் காட்டுவது ஏமாற்று. அவர்களுக்கு வருவாய் வேண்டுமானால் உதிரிப்பூவாக விற்பதை விட்டுச் சரம் தொடுத்து முழக்கணக்கில் விற்பது, மாலை கட்டுவது, நாற்றங்கால் வைத்து நாற்று விற்பது என்று மதிப்புக் கூட்ட வேண்டும். அந்த வருவாய் தொடுப்பவருக்கே சேர வேண்டும். தோட்டப் பராமரிப்புக்கு உள்ளாட்சி ஒரு சிறு தொகையாவது ஒதுக்கினால்தான் ஏற்பாடு நிலைக்கும்.

பயிர் நாட்காட்டியும் நீரும்

செண்டுமல்லி நாற்று 25 முதல் 30 நாளில் நடவுக்குத் தயாராகும். நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். நட்டு 60 நாளில் பறிப்பு தொடங்கும், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். ஆயுத பூசைக்குப் பூ வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் விதைக்க வேண்டும். மல்லிகை நீண்டகாலப் பயிர். நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால் கோடையில் பூக்கும். முகூர்த்த நாள்களில் பூ விலை ஏறும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் முன் தெருக்கடைகள், கோயில்கள், மசூதி, தேவாலயத் திருவிழாக்கள் ஆகியவற்றின் தேவையைக் கேட்டுவைத்தால் கமிஷன் மிச்சமாகும்.

வேலூர்க் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 485 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 லிட்டர் நீர் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரை இதற்குத் திருப்பக்கூடாது. ஆழ்குழாய் நீரைச் சோதிக்காமல் பாய்ச்சினால், நல்ல மண்ணிலும் உப்பு சேர்ந்துவிடும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். பக்கத்து மாடிகளின் மழைநீர், சொட்டுநீர்க் குழாய், மூடாக்கு ஆகியவற்றோடு, கடுங்கோடையில் பாத்திகளில் பாதியை ஓய்வாக விடுவதும் பயன்தரும். மாநகராட்சியின் நுண்ணுர மையங்களில் கிடைக்கும் மக்கிய உரத்தைக் கேட்டு வாங்கலாம்.

பன்னிரண்டு உறுப்பினர் இருந்தால் திங்கள் முதல் சனி வரை நாளுக்கு இருவர், ஞாயிறன்று அனைவரும் என்று பட்டியல் போடலாம். பட்டியல் போட்டால் அதன்படி நடப்பது படைவீரருக்குப் பழகிய ஒன்று. பூவைப் பற்றி அறிந்தவர்களோ பெரும்பாலும் பூக்கட்டும் பெண்களும் சுற்றுக் கிராமங்களின் மல்லிகை விவசாயிகளும். பதவியில் சுபேதாராக இருந்தவரும் அவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்கான செயல்பாடு

உங்கள் தெருவிலோ பள்ளி அருகிலோ உள்ள ஒரு காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் நீள அகலத்தை அளந்து சென்ட் கணக்கில் எழுதுங்கள். அது யாருடையது, இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று மூன்று முதியவர்களிடம் கேளுங்கள். மேலே காட்டிய முறையில் நாற்று எண்ணிக்கை, நீர்த் தேவை, வருவாய் மூன்றையும் கணக்கிடுங்கள். கழிவு கொட்டிய இடமாகத் தெரிந்தால் மண்ணைத் தொடாமல், ஆசிரியரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.